லாத்ரியின் கால்களும் பிலடெல்பியாவின் 6,938 குழாய்களும்

ஆர்கனில் ஒரு கட்டையைத் தடவி அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் வருகிற சத்தம் ஒன்றுதான். பியானோவில் விரலின் வேகம் பேசும். வயலினில் வில்லின் பாரம் பேசும். ஆர்கன்காரனுக்கு விரலில் இருக்கும் உரிமைகள் இரண்டே: எப்போது அழுத்துவது, எப்போது எடுப்பது. இவற்றில் எடுப்பதுதான் கடினம்.

எங்கள் ஊர் ஆலயத்தில் 31 வருடம் கால் ஆர்கன், அதாவது காலால் துருத்தியை மிதித்துக் காற்றடித்துக் கையால் வாசிக்கும் ஆர்கன், வாசித்தவன் நான். முதல் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாமாலைப் பாட்டொன்றில் அடிக்கு அடி கையை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனேன். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, நாங்கள் எங்கே மூச்சு விடுவது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த ஆர்கன் கலைஞரைக் கேட்டாலும் நான் முதலில் கவனிப்பது அவர் கை எடுக்கும் இடத்தைத்தான். எத்தனை வேகம், எத்தனை சத்தம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இந்தக் குறுந்தகட்டைக் கேட்டேன். பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் ஒலிவியே லாத்ரி, பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தது. இசை நடத்துனர் கிறிஸ்டாஃப் எஷன்பாக். பின்லாந்தின் ஒன்டீன் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 2006 மே மாதம், பிலடெல்பியாவின் புதிய அரங்கில் ஆர்கனைத் திறந்துவைத்த நாட்களில் பதிவானது. மூன்று படைப்புகள்: சாமுவேல் பார்பரின் 'டொக்காட்டா ஃபெஸ்டிவா', பூலாங்க்கின் ஆர்கன் கன்செர்ட்டோ (ஒரு வாத்தியத்தை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு), சேன்-சோன்ஸின் மூன்றாம் சிம்பொனி. நான் இணையத்தில் வாங்கிய பிரதி கீறலோடு வந்து திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு அமெரிக்காவில் வேலையில் இருக்கும் அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த ஆர்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருக்கும் இடம், பிலடெல்பியாவில் கிம்மல் மையத்தின் பெரிய அரங்கம். 2001இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 பேர் அமரலாம். செல்லோ வாத்தியத்தின் உடலைப் போல வளைந்த சுவர்கள். ஒலியமைப்பைத் திட்டமிட்டவர் ரஸல் ஜான்சன். பதிவான காலத்தில் வெரைசன் அரங்கம் என்ற பெயரில் இருந்தது. 2024இல், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அரங்கம் திறந்து ஐந்தாவது வருடத்தில்தான் ஆர்கன் முழுமையாக வந்து சேர்ந்தது. கட்டியவர்கள் அயோவா மாநிலத்தில் லேக் சிட்டி என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருக்கும் டாப்சன் நிறுவனத்தார். காற்றை ஊதி ஒலிக்கவைக்கும் குழாய்கள் 6,938. நான்கு அடுக்குக் கைக்கட்டைகள், கீழே காலால் வாசிக்கும் கட்டைகள். வாசிக்கும் மேசை இரண்டு: ஒன்று குழாய்களுக்கு அடியிலேயே பொருத்தப்பட்டது, இன்னொன்றை மேடைக்கு நகர்த்திக்கொண்டு வந்து ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். எலித்தொல்லைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் பயந்து துருத்தித் தோலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே காலம் தள்ளிய எனக்கு, அந்த எண்களைப் படிப்பதே ஒரு கச்சேரி கேட்பதைப் போல இருந்தது.

ஆனால் பெரிய ஆர்கனை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து உட்காரவைப்பது பெரிய தலைவலி. அது தெரிந்தால்தான் லாத்ரி செய்திருப்பதன் அருமை தெரியும்.

ஒன்று, சுருதி. காற்று சூடாகும்போது குழாயின் சுருதி ஏறும். மேடை விளக்குகளும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் உடல் சூடும் சேர்ந்தால் கச்சேரி தொடங்கும்போது இருந்த சுருதி முடியும்போது இருக்காது. ஏழாயிரம் குழாய்களை இடைவேளையில் திருத்த முடியாது. ஆகவே எல்லோரும் ஆர்கனின் சுருதிக்குத்தான் வந்து சேர வேண்டும். இரண்டு, நேரம். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் அளவில்தான் பயணம் செய்கிறது. மேடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் ஆர்கன் சற்றுத் தாமதித்தே கேட்கும். பெரிய குழாய்க்குள் காற்று நிறைந்து பேசத் தொடங்கவும் ஒரு கணம் பிடிக்கும். காதை நம்பி வாசித்தால் பின்தங்கிவிடுவார். நடத்துனரின் கோல் இறங்குவதற்குச் சற்று முன்பே விரல் இறங்கியிருக்க வேண்டும். எத்தனை முன்பு என்பது குழாய்க்குக் குழாய் மாறும்.

மூன்றாவதாக மூச்சு. குழல்காரருக்கு மூச்சு தீரும். வில்லுக்கு நீளம் தீரும். ஆர்கனுக்கு எதுவும் தீராது. மின்விசிறி காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில் நூறு பேர் மூச்செடுக்கும் இடத்தில் இவர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் இரண்டும் ஒட்டாது.

தகட்டில் முதலில் வருவது பார்பர். ஏறத்தாழ 15 நிமிடம். இந்தப் படைப்பு பிலடெல்பியாவுக்கே உரியது. கர்ட்டிஸ் இசைக் கல்லூரியை நிறுவிய மேரி கர்ட்டிஸ் சிம்பலிஸ்ட் அம்மையார், ஆர்கெஸ்ட்ராவின் பழைய வீடான அகாடமி ஆஃப் மியூசிக் அரங்குக்கு ஓர் ஆர்கனைக் கொடையாகக் கொடுத்தார். அதைத் திறக்கும் விழாவுக்கென்று பார்பரிடம் கேட்டுப் பெற்ற இசை இது. அந்தக் கல்லூரியின் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் பார்பர். அம்மையாரிடம் பட்ட நன்றிக்கடனுக்காகச் சன்மானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1960 செப்டம்பரில் யூஜின் ஆர்மண்டி நடத்த, பால் கல்லவே வாசித்து அரங்கேறியது. 46 வருடம் கழித்து அதே ஆர்கெஸ்ட்ரா, புது அரங்கில், புது ஆர்கனோடு அதை மறுபடியும் எடுத்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு எனக்குத் தோன்றவில்லை.

இதில் கால்களுக்கு மட்டும் என்று ஒரு நெடிய தனிப்பகுதி இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஓய்ந்துவிடும். இரண்டு கைகளும் சும்மா இருக்கும். குதிகாலும் முன்காலும் மட்டுமே கட்டைகளின் மேல் ஓடும். என் கால் ஆர்கனில் என் கால்கள் காற்றடிக்க மட்டுமே இருந்தன. பாட்டு நீளமானால் ஆடுதசை கடுக்கும். சரணத்தின் நடுவே தளர்ந்தால் சத்தம் விம்மி அடங்கும். அப்படி உழைத்த காலை வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைக் கேட்டபோது, முதல் தடவை நான் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடிக்கட்டைச் சுரங்களை வேகமாக வாசித்தால் சாதாரணமாக எல்லாம் குழம்பிப்போய் ஒரே உறுமலாகத்தான் கேட்கும். லாத்ரியிடம் அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு சுரமும் தொடங்குவதும் கேட்கிறது, முடிவதும் கேட்கிறது. நடுவில் நூலிழை அளவு வெளிச்சம் விட்டிருக்கிறார். காலால் அப்படி எடுப்பதற்கு எத்தனை வருட சாதகம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை விரலுக்கே எனக்கு அது வரப் பத்து வருடம் ஆயிற்று.

அடுத்தது பூலாங்க். ஆர்கன், தந்தி வாத்தியங்கள், டிம்பனி முரசு, அவ்வளவுதான். குழல்களும் பித்தளை வாத்தியங்களும் இல்லாததற்குக் காரணம் உண்டு. அவற்றின் குரல் எல்லாம் ஆர்கனுக்குள்ளேயே இருக்கின்றன. கேட்டு எழுதவைத்தவர் பாரிஸில் வாழ்ந்த பொலின்யாக் இளவரசி. அவர் பிறந்த குடும்பம் எதுவென்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது: சிங்கர் தையல் மெஷினை உலகமெங்கும் விற்ற ஐசக் சிங்கரின் மகள்! எங்கள் அம்மாவின் சிங்கர் மெஷின் இன்றும் வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. அந்த மெஷின் சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கு, பாரிஸில் ஒரு வரவேற்பறையில் ஆர்கனாக நின்று, அதன் முன்னால் 1938 டிசம்பரில் இந்த இசை முதன்முதலாக ஒலித்திருக்கிறது. அன்று நடத்தியவர் நாடியா பூலான்ஷே. வாசித்தவர் மொரீஸ் துருஃப்ளே. எந்தெந்த ஸ்டாப்பை (எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழை) இழுக்க வேண்டும் என்று பூலாங்க்குக்குச் சொல்லிக்கொடுத்தவரும் துருஃப்ளேதான்.

எழுதுவதற்கு நடுவே, 1936இல், பூலாங்க்கின் நண்பரான ஃபெரூ என்ற இசையமைப்பாளர் ஹங்கேரியில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தச் சாவுக்குப் பிறகு பூலாங்க் ரொக்கமதூர் என்ற மலைத் திருத்தலத்துக்கு யாத்திரை போனார். விட்டுவிட்ட பக்தி திரும்பி வந்தது. இந்தக் கன்செர்ட்டோவில் கொண்டாட்டம், பக்தி இரண்டும் இருக்கின்றன. ஒரு நிமிடம் திருவிழாக் கடைத்தெருவின் கும்மாளம். அடுத்த நிமிடம் யாருமில்லாத ஆலயத்தில் ஒற்றை மெழுகுவர்த்தி. ஜி மைனரில் ஆர்கன் ஓங்கி இடிக்கும் அந்தத் தொடக்கத்தை, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ஃபாண்டேசியா என்ற ஆர்கன் இசையைத் தெரிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். லாத்ரி அந்த இடியை இடித்துவிட்டு, அடுத்து வரும் மெல்லிய பகுதிக்குப் போவதற்கு முன் விடுகிற அமைதியைக் கவனியுங்கள். அரங்கத்தின் எதிரொலி முழுவதும் சுவர்களில் போய் அடங்கும்வரை காத்திருக்கிறார். அந்த அமைதிக்குள் 2,500 இருக்கைகளின் அளவு நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கடைசிப் பகுதியில் ஒற்றை வயோலா ஒன்று தனியாகப் பாடும். அதற்கடியில் ஆர்கன் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய கை பிடித்துக்கொள்ள சிறு குழந்தை நடந்து போவதைப் போல அந்த வயோலா போகிறது. எனக்கு இந்தத் தகட்டில் மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

பிடித்த இடங்களில் முதலாவது சேன்-சோன்ஸில் இருக்கிறது.

இதை எல்லோரும் 'ஆர்கன் சிம்பொனி' என்று சொல்கிறார்கள். லண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்துக்காக எழுதப்பட்டு, 1886 மே 19 அன்று அங்கே சேன்-சோன்ஸே நடத்தி அரங்கேற்றியது. அடுத்த இரண்டரை மாதத்தில் அவருடைய நண்பரான இசையமைப்பாளர் லிஸ்ட் மறைந்தார். அச்சான பிரதியை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சேன்-சோன்ஸும் ஓர் ஆர்கன் கலைஞர்தான், பாரிஸின் மதலேன் ஆலயத்தில் ஏறத்தாழ இருபது வருடம் பணி செய்தவர். அப்படிப்பட்டவர் ஆர்கன் சிம்பொனி என்று எழுதிவிட்டு, தொடக்கத்தில் ஆர்கன்காரருக்கு ஒரு சுரம்கூடக் கொடுக்கவில்லை. ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆர்கெஸ்ட்ரா பதற்றத்தோடு ஓடும். ஆர்கன்காரர் மேடையில் கை கட்டி உட்கார்ந்திருப்பார். ஓட்டம் தளர்ந்து, செல்லோக்களும் பாஸ்களும் இரண்டொரு சுரத்தைக் கிள்ளிவிட்டு அடங்கியதும், டி ஃபிளாட் மேஜரில் ஆர்கன் உள்ளே வருகிறது. வருவது தெரியாது. எப்போதோ வந்துவிட்டது என்று பிறகுதான் தெரியும்.

நான் இந்தச் சிம்பொனியின் வேறு சில பதிவுகளும் கேட்டிருக்கிறேன். பலவற்றில் அந்த நுழைவில் ஒரு 'கிளிக்' உணர்வு இருக்கும். விளக்குச் சுவிட்சைப் போட்ட மாதிரி. இங்கே விடியற்காலை மாதிரி. தந்தி வாத்தியங்கள் அந்தப் பாட்டை எடுத்து நீட்டிப் பாடும்போது, வில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் லாத்ரியின் கை ஒரு மயிரிழை எழுந்து மறுபடியும் அமர்கிறது. அவருக்கு அது தேவையில்லை. அவருடைய வாத்தியம் விடியவிடியக்கூட ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வயலின்காரர்களுக்காக மூச்சு விடுகிறார். எங்கள் முன்வரிசைப் பாட்டி இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ஒரு பகுதியை மட்டுமாவது போட்டுக்காட்டியிருப்பேன்.

எஷன்பாக் இந்த இடத்தை அவசரமில்லாமல் நடத்துகிறார். சிலருக்கு மிகவும் நிதானமாகத் தோன்றலாம். எனக்குக்கூட மத்தியான வேளையில் கேட்டபோது சற்று நீளமாகப் பட்டது. இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு கேட்டபோது ஒரு விநாடியும் அதிகம் என்று தோன்றவில்லை.

இறுதிப் பகுதியைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. சி மேஜரில் ஆர்கன் முழுக் குரலெடுத்து எழும் அந்த முழக்கத்துக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். வாங்கலாம். பிலடெல்பியா ஆர்கன் அந்த இடத்தில் கத்தவில்லை என்பது என் கருத்து. சத்தம் உண்டு, காதைக் கிழிக்கும் கூர்மை இல்லை. பித்தளை வாத்தியங்கள் அதன்மேல் தனியாகத் தெரிகின்றன. ஆர்கன் அவற்றை விழுங்கவில்லை. குறை என்று சொன்னால் பியானோவைத்தான் சொல்ல வேண்டும். அந்த முழக்கத்தை அடுத்து, ஒரே பியானோவில் இரண்டு பேர் நான்கு கைகளால் நீர்ச்சிதறல் மாதிரி ஓடவிடும் பகுதி ஒன்று வரும். அது இன்னும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஹெட்போனில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தகடு சாதாரண சி.டி. பிளேயரிலும் ஓடும்; உயர்ரக எஸ்.ஏ.சி.டி. வசதி இருப்பவர்களுக்கு அந்த அடுக்கும் உள்ளே இருக்கிறது. மெல்லிய பகுதிக்கும் முழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. மெதுவான பகுதி கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நான் அப்படிச் செய்த அன்று, இறுதி முழக்கத்தில் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் கிணுகிணுத்து, பேத்தி தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாள். டி.வி.யிலும் கைப்பேசியிலும் கேட்பதை ஒரு கேட்பாகவே எண்ண வேண்டாம். 32 அடிக் குழாயின் அடிச்சுரம் ஒரு விநாடிக்கு 16 தடவை மட்டுமே அதிர்வது. காது அதைச் சுரமாகக் கேட்காது, உடம்புதான் உணரும். சிறிய ஸ்பீக்கரில் அந்தச் சுரம் இருக்கும் இடமே தெரியாது.

அதற்காகவே ஒரு நாள் தகட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மைக்செட்காரரிடம் போனேன். கோயில் கொடைக்கும் கல்யாண வீடுகளுக்கும் செட் போடுகிறவர். என்னைவிட இருபது வயது இளையவர். குடோனில் 18 இஞ்ச் பேஸ் பெட்டிகள் நான்கு அடுக்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணாச்சி, இந்தப் பெட்டி முப்பத்தைந்து, நாற்பதுக்குக் கீழே இறங்காது. நீங்கள் சொல்லும் பதினாறை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேலே இருப்பதைக் காட்டுகிறேன்" என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார். சொன்ன சொல் உண்மை. ஆனால் அந்த மேலே இருப்பதே போதுமாக இருந்தது. பூலாங்க்கின் முதல் முழக்கத்தில் தகரக் கூரையில் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தது. அடிச்சுரம் வரும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல அது மட்டும் பறபறவென்று கூடவே அதிர்ந்தது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு, ஏணி வைத்து ஏறி, பழைய வேட்டித் துண்டைக் கிழித்துத் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே திணித்துவிட்டு இறங்கினார். பிறகு முதலிலிருந்து போட்டார்.

மேற்கத்திய இசையை அவர் அதிகம் கேட்டவர் இல்லை. சேன்-சோன்ஸின் மெதுவான பகுதி முழுக்க, கையிலிருந்த வயர் முனையைப் பார்த்தபடியே நின்றார். இறுதி முழக்கத்துக்கு நான் எதிர்பார்த்த அளவுக்கு ஆச்சரியப்படவில்லை. சத்தம் அவருக்குத் தினசரித் தொழில். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று கேட்டார்: "முதலில் ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், ஒருவர் மட்டும் கீழே வாசித்துக்கொண்டிருந்தாரே, அது என்ன வாத்தியம்?"

கால் என்று சொன்னேன். நம்பவில்லை. திரும்பவும் பார்பரைப் போடச் சொன்னார். அந்தத் தனிப்பகுதி வந்ததும், கீழே கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றித் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.